மலையேறிய வாழை

ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்குச் சாலை வழியாகப் போகிறவர்களுக்குப் பெருந்துறையைத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே இறங்கி ஒரு பொழுது இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பலருக்கு அது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்தான். ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை, “பெருந்துறைக் காற்று பட்டால் குணமாகும்” என்று சொல்லி இங்கே இருந்த சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். ஈரமில்லாத, வறண்ட காற்று. அந்தச் சானடோரியம் இருந்த இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நடக்கிறது. காற்று மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பூமியில் வாழை பயிராகுமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக ஆகும். 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்ததும் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மானம் பார்த்துக் கிடந்த காடுகளெல்லாம் மஞ்சளும் கரும்பும் நெல்லும் வாழையும் விளைகிற தோட்டங்களாயின. கோபிசெட்டிபாளையம் பக்கம் போனால் நேந்திரன், கதலி, ரஸ்தாளி, செவ்வாழை, தேன்வாழை என்று வாழையிலேயே ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். வாழைக்கு வேண்டியது இரண்டே இரண்டுதான்: வெயில், தண்ணீர். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை; வாய்க்கால் தண்ணீரைத் தருகிறது.

ஆனால், இத்தனை பழங்களையும் குவித்து வைத்திருக்கும் ஒரு பழக்கார அம்மாளிடம் மலைப்பழம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

“மலைப்பழமுங்களா? அது இங்கத்த வெள்ளாமை இல்லீங்க. பழனி மலைக்கு அந்தாண்டையிருந்து வரோணும். எப்பவாச்சும் நாலு தாரு வரும், வந்த சூட்டோட போயிரும்” என்று பதில் வரும். வேறு பழம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், “அதோட வாசமே தனிதானுங்க!” என்று ஒரு பெருமூச்சும் வரும்.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணமான பழத்தைத் தேடித்தான் இன்று நாம் புறப்படப் போகிறோம்.

வாழைக்குக் குளிர் ஆகாது

புறப்படும் முன் ஒரு சின்ன விஷயம். வாழைக்கும் குளிருக்கும் ஜன்மப் பகை என்பதை நீங்கள் உங்கள் சமையலறையிலேயே கண்டிருப்பீர்கள். ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு சீப்புப் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் தோலெல்லாம் கன்றிக் கறுத்திருக்கிறது. பழம் அழுகவில்லை, குளிர் தாங்காமல் தோல் சிதைந்திருக்கிறது. சுமார் 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் வாழைப்பழத்தின் கதி இதுதான்.

பழத்துக்கே இப்படி என்றால் செடிக்கு எப்படி இருக்கும்? காற்றில் வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க வாழையின் வளர்ச்சி மந்தமாகிறது. இன்னும் இறங்கினால் அடியோடு நின்று போகிறது. வெயில் காலத்தில் வாரம் பத்து நாளைக்கு ஓர் இலை விடுகிற வாழை, குளிரில் ஓர் இலை விட வாரக்கணக்கில் யோசிக்கிறது. உறைபனி விழுந்தால் மறுநாள் காலை இலைகள் வெந்த கீரை மாதிரித் தொங்கிவிடும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வாழைத்தண்டு நறுக்கியிருக்கிறீர்கள் அல்லவா? பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் வெள்ளை வெளேரென்று ஒரு தண்டு கிடைக்கும். நாம் மரம் என்று சொல்வது உண்மையில் மரமே அல்ல. ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கிற இலைப் பட்டைகள்தான். வாழையின் அசல் உடம்பு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கிற காலம் வந்ததும் அந்தக் கிழங்கிலிருந்து பூங்காம்பு, நடுவிலே இருக்கிற இடுக்கு வழியாக ஆள் உயரத்துக்கு மேலே ஏறி வந்து உச்சியில் எட்டிப் பார்க்கிறது. நாம் பொரியல் செய்வது அந்தக் காம்பைத்தான்! அது ஏறி வருகிற சமயம் பார்த்துக் குளிர் பிடித்துக்கொண்டால், தார் வெளியே வர முடியாமல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் கஷ்டமாவதைப் போலத்தான்.

துரைமார் வளர்த்த வாழை

இவ்வளவு கஷ்டம் இருந்தும், குளிர் தேசத்துக்காரர்கள் வாழையை விட்டார்களா என்றால் இல்லை. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் என்று ஒரு தலைமைத் தோட்டக்காரர் இருந்தார். பின்னாளில், 1851-இல் லண்டனில் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகையைக் கட்டியவரும் இவரே. மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையை 1830-களில் அவர் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து, கணப்பு மூட்டிச் சூடு காட்டி, பூத்துக் காய்க்க வைத்துவிட்டார். எஜமானரின் குடும்பப் பெயரான காவெண்டிஷ் என்பதையே அதற்கு வைத்தார்கள். இன்று உலகச் சந்தையில் அதிகமாக விற்கிற பழம் அந்த இனந்தான். நம் ஊர்க் கடைகளில் ‘ஜி-9’ என்று விற்கிறார்களே, அதுவும் காவெண்டிஷ் குடும்பத்துப் பிள்ளைதான்!

ஐஸ்லாந்தில் வேறு விதம். அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாகப் பொங்குகிறது. அதன் சூட்டில் கண்ணாடி வீடுகளை வெதுவெதுப்பாக வைத்து, 1940-களிலிருந்து வாழை வளர்த்து வருகிறார்கள்.

ஜப்பானில் இன்னும் சுவாரஸ்யமான கதை. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு கவிஞருடைய குடிசை வாசலில் சிஷ்யர் ஒருவர் வாழைக் கன்று கொண்டுவந்து நட்டார். வாழைக்கு அங்கே ‘பாஷோ’ என்று பெயர். கவிஞர் அந்தப் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார். ஹைக்கூ என்றதும் உலகம் முழுதும் நினைவுக்கு வருகிற பாஷோ அவர்தான். அந்த நாட்டு வாழை பனியில் மேலே பட்டுப் போனாலும், மண்ணுக்குள் கிழங்கு பிழைத்திருந்து வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும். ஆனால் அதன் காய் சாப்பிட உதவாது. இலையின் அழகுக்காக வளர்க்கிறார்கள்.

ஆக, குளிரில் வாழை வளர்க்கச் சிலர் கண்ணாடி வீடு கட்டினார்கள். சிலர் பூமியின் சூட்டைப் பிடித்தார்கள். சிலர் பழமே வேண்டாம், இலை போதும் என்று இருந்துவிட்டார்கள். இவை எதுவும் இல்லாமல், குளிரையே வாழையின் ருசியாக மாற்றிக்கொண்டவர்கள் நம் பக்கத்து மலைக்காரர்கள்.

சர்க்கரை இங்கே, பழம் அங்கே

வாருங்கள், பெருந்துறையிலிருந்து தெற்கே திரும்புவோம். சென்னிமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, காளைகளுக்குப் பெயர் போன காங்கயம் தாண்டி, தாராபுரத்தில் அமராவதியைக் கடந்தால் பழனி மலை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும். தைப்பூசத்துக்குக் கொங்கு நாட்டு ஜனங்கள் காவடி எடுத்து நடக்கிற பாதைகளில் இதுவும் ஒன்று.

பழனி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? முருகன், அடுத்தபடி பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும், கூடவே பேரீச்சம் பழமும் கற்கண்டும் சேர்ந்த பிரசாதம். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. கெடாமலிருக்க மருந்தும் சேர்ப்பதில்லை. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு இந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இதில் சேரும் நாட்டுச் சர்க்கரை எங்கிருந்து போகிறது தெரியுமா? பெருந்துறைக்கு வடக்கே இருக்கிற கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து. அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனி தேவஸ்தானமே ஏலத்தில் சர்க்கரை வாங்குகிறது. கீழ்பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்த கரும்பின் சாறு, ஆலையில் காய்ந்து, சர்க்கரையாகி, பழனி மலை ஏறுகிறது. ஆனால் அதே தண்ணீர் குடித்து வளர்ந்த வாழைப்பழத்துக்கு அந்த முதல் மரியாதை இல்லை. பஞ்சாமிர்தத்துக்குப் பரம்பரையாகப் பெயர் பெற்றது விருப்பாச்சிப் பழம்தான்.

என்ன விசேஷம் அதில்? வேறொன்றுமில்லை, அதில் தண்ணீர்ச் சத்து குறைவு. சமவெளிப் பழத்தைப் பிசைந்து வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும். மலைப்பழம் கெட்டியாக, பசை போல நிற்கும். தண்ணீர் இல்லாததால்தான் பஞ்சாமிர்தம் நாள்பட இருக்கிறது. நம் பாட்டிமார் ஊறுகாய்ப் பானையில் ஈரக் கரண்டி போடக் கூடாது என்பார்களே, அதே சாஸ்திரம்தான்!

விருப்பாச்சி வழியாக

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் விருப்பாச்சி என்ற ஊர் வருகிறது. சரித்திரத்தில் இடம் பெற்ற ஊர். வெள்ளையரை எதிர்த்து, 1801-இல் தூக்கு மேடை ஏறிய கோபால நாயக்கரின் பாளையம் இது. கணவரை இழந்து வந்த சிவகங்கை வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த இடமும் இதுவே. பின்னால் இருக்கும் மலையில் விளைந்த பழத்துக்கும் இந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பழத்தின் பிறந்தகத்தைப் பார்க்க மேலே ஏற வேண்டும். பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப் பழனி மலையின் ஊர்கள் வரிசையாக வருகின்றன. தாண்டிக்குடிக்காரர்களிடம் ஊர்ப் பெயருக்குக் காரணம் கேட்டால், முருகன் இங்கிருந்துதான் ஒரே தாண்டாகத் தாண்டிப் பழனியில் குதித்தான் என்பார்கள். முருகன் தாண்டிப் போன வழியிலேயே பின்னால் வாழைத்தார்களும் போயின போலும்!

ஏற ஏறக் காற்று மாறுகிறது. பெருந்துறையின் வறட்சி எங்கே, இந்தச் சில்லென்ற ஈரம் எங்கே! சாலையின் இரு பக்கமும் காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். வேலிமரமும் பலாவும் சில்வர் ஓக்கும் மேலே குடை பிடிக்க, இடையிடையே நிற்கிறது மலைவாழை. மிளகுக் கொடி, ஆரஞ்சு, சௌசௌ எல்லாம் அக்கம் பக்கத்து உறவினர்கள்.

இங்கே வாய்க்கால் கிடையாது, மழைதான் தண்ணீர். சுமார் 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரைதான் இந்த வாழைக்கு உகந்த இடம். அதற்குக் கீழே வந்தால் பழைய மணமும் ருசியும் வருவதில்லை. 7,000 அடியில் இருக்கிற கொடைக்கானலுக்கு ஏறினால் மார்கழி தையில் உறைபனி விழுந்து செடியையே கொன்றுவிடும். சாகடிக்காத அளவுக்குக் குளிர், ஓடியாடி வளரவிடாத அளவுக்குக் குளிர். இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை நிலம். சமவெளி வாழை ஒரு வருஷத்தில் தார் தந்துவிடும். மலைவாழைக்குப் பதினான்கு, பதினாறு மாதங்கள்கூடப் பிடிக்கும். அந்தத் தாமதத்தில்தான் மணம் கூடுகிறது.

இன்னொன்று: கீழே வாழையை ஓரிரண்டு வருஷத்துக்கொரு தடவை தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக நடுவார்கள். மலையிலோ தாய் மரம் சாய்ந்தால் பக்கக் கன்று, அது சாய்ந்தால் அதன் கன்று என்று ஒரே குத்து வருஷக்கணக்கில் வம்சம் வம்சமாய்த் தொடரும். பாட்டன் நட்ட குத்தில் பேரன் தார் வெட்டுவான்.

முடிக்கொத்து என்னும் எமன்

அந்த வம்சத் தொடர்ச்சியே ஒரு நாள் வினையாகிவிட்டது.

வாழைக்கு ‘முடிக்கொத்து நோய்’ என்று ஒன்று உண்டு. செடியின் உச்சியில் இலைகள் விரியாமல், குறுகி, விறைத்து, வாரி முடிந்த கொண்டை போலக் கொத்தாக நிற்கும். இலைக் காம்பில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இப்படியானால் அந்த மரம் தார் போடாது, போட்டாலும் உதவாது. மனிதனுக்கு அம்மை வருவதைப் போல இதுவும் ஒரு வைரஸினால் வருவது. மருந்து கிடையாது.

இதைப் பரப்புவது கடுகளவு கூட இல்லாத ஒரு கறுப்பு அசுவினிப் பூச்சி. நோய் கண்ட செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்த செடியில் உட்கார்ந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் வாழைத் தோட்டங்களை இந்த நோய் அழித்தபோது, மாகீ என்ற இளம் விஞ்ஞானி 1920-களில் இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். இலங்கையில் 1913-இலும், பிறகு 1940 வாக்கில் கேரளத்திலும் நோய் காணப்பட்டது. அங்கிருந்து பழனி மலை எவ்வளவு தூரம்?

பூச்சி பரப்பியது பாதி. மீதியை நல்ல மனசோடு மனிதர்களே பரப்பினார்கள். மலையில் கன்று வாங்குவது கடையிலா? அண்ணன் தோட்டத்திலிருந்து தம்பி, மாமன் தோட்டத்திலிருந்து மருமகன் என்று கொடுத்து வாங்குவதுதான் வழக்கம். பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும் கன்றுக்குள் நோய் ஒளிந்திருக்கும். அன்பாகக் கொடுத்த கன்றோடு அதுவும் மலை மலையாக ஏறிற்று.

1970-களில் கீழ்ப் பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகக் குறுகிவிட்டது. எத்தனை வீட்டு அடுப்பு அந்த வாழையை நம்பி எரிந்திருக்கும், எண்ணிப் பாருங்கள். காப்பி வருஷத்துக்கு ஒரு தடவை பணம் தரும். இடையில் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் மளிகைக் கடைப் பாக்கிக்கும் கை கொடுத்தது வாரா வாரம் வெட்டிய வாழைத்தார்தான். மலைப்பழம் அரிதானபோது பஞ்சாமிர்தத்துக்கும் வேறு ரகப் பழங்களை நாட வேண்டியதாயிற்று.

கண்ணாடிக் குப்பியில் பிறந்த கன்று

கதை அத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத மனம் வந்திருக்காது.

கோயமுத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், தடியன்குடிசையில் உள்ள அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், 1993-இல் திருச்சியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இந்த வாழையைக் காப்பாற்றுவதில் இறங்கின. வழி இதுதான்: நோயில்லாத தாய் மரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் குருத்தின் நுனியிலிருந்து ஒரு துளி எடுத்து, கிருமி புகாத கண்ணாடிக் குப்பியில் சத்துக் கூழ் ஊட்டி வளர்க்க வேண்டும். அந்தத் துளி பல தளிர்களாகும். ஒவ்வொரு கட்டத்திலும் வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்று உறுதியான கன்றுகளை மட்டுமே மலைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அட்டை பார்த்துப் பள்ளியில் சேர்ப்பதைப் போன்ற ஏற்பாடு.

விருப்பாச்சிப் பழத்துக்கும், அதன் தங்கையான சிறுமலைப் பழத்துக்கும் 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் விஞ்ஞானிகள் கன்றைத்தான் தர முடியும். காவலைத் தர முடியாது. நல்ல கன்று நட்ட தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நோய்க் குத்து இருந்தாலும் பூச்சி மறுபடி வந்துவிடும். நோய் கண்டதும் அதைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட வேண்டும். இதுதான் மலை விவசாயிக்கு வந்திருக்கிற பெரிய சோதனை. பக்கத்தில் நிற்கும் மரம் தார் தள்ளியிருக்கும். இன்னும் இரண்டு மாதம் விட்டால் நாலு காசாகும். அதே குத்தில் முளைத்த கன்றோ கொண்டை கட்டி நிற்கும். வெட்டுவதா, விடுவதா? வெட்டினால் தமக்கு நஷ்டம். விட்டால் ஊருக்கே நஷ்டம். பிள்ளை போல வளர்த்ததை வெட்டக் கை எழும்புமா? எழும்பியவர்கள் இருந்ததால்தான் இன்று பெருந்துறைப் பழக்கார அம்மாளிடம் எப்போதாவது நாலு தார் வந்து சேருகிறது.

வீட்டிலும் வளர்க்கலாம்

குன்னூரிலோ ஏற்காட்டிலோ இருக்கிறீர்களா? அல்லது உங்கள் மகளோ மருமகளோ லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு, “பொங்கலுக்கு ஒரு வாழை இலைகூட இல்லையே!” என்று அங்கலாய்க்கிறாளா? அவளுக்கு இதை எழுதிப் போடுங்கள்:

குட்டைக் காவெண்டிஷ் கன்றைப் பெரிய தொட்டியில் நடலாம். கோடையில் தெற்குப் பார்த்த சுவரோரம், காற்று மோதாத இடத்தில் வைக்கவும். இரவில் வெப்பம் 10 டிகிரியை நெருங்கும் முன்பே வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலருகில் கொண்டுவந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் உரம் வேண்டாம். மண் மேலாகக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றவும். குளிரில் வாழை சாவதைவிட ஈரத்தில் வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். தோட்டத்து மண்ணிலேயே நட ஆசையென்றால் ஜப்பான் வாழை நடலாம். பனி வருமுன் தண்டுக்கு வைக்கோல் சுற்றி, அடியில் தழையைக் குவித்துவிட்டால் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். பழம் தராது, ஆனால் விருந்துக்கு இலை தரும்.

மற்ற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மலைப்பழம் எங்கேயாவது கண்ணில் பட்டால், “விலை அதிகம்” என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சீப்பாவது வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். தோல் கறுக்கத் தொடங்கினால் பயந்து எறிந்துவிட வேண்டாம். உரித்துப் பாருங்கள், உள்ளே பழம் கெட்டியாகவே இருக்கும்.

அடுத்த தடவை யாராவது பழனிக்குப் போய் வந்து டப்பாவைத் திறந்து பஞ்சாமிர்தம் கொடுத்தால், குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். சர்க்கரை கவுந்தப்பாடி வெயிலில் விளைந்தது; பழம் தாண்டிக்குடிக் குளிரில் கனிந்தது என்று.